காற்று இறக்கச் சொன்ன டாக்டர்

அபிராமபுரத்து டாக்டரே, நீங்கள் ஒரு கர்ப்பிணியைக் கொல்லப் பார்த்தீர்கள். நேற்று சைதாப்பேட்டை பெட்ரோல் பங்கில் ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க வரிசையில் நின்றபோது என் காதாலேயே கேட்டேன். எனக்கு முன்னால் ஒரு ஃபியட் கார். பின்சீட்டில் மாசமாக இருக்கும் பெண். பிரசவத்துக்காகக் காஞ்சிபுரத்திலிருந்து அபிராமபுரத்துப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். காற்றடிப்பவர் டயரைத் தொட்டவுடன் கையை உதறினார்.

"இன்னா சார், கொதிக்குது! நாலுலயும் பாதிதான் கீது. எவனாவது காத்த புடுங்கி வுட்டுட்டானா?"

"யாரும் பிடுங்கலைப்பா, நான்தான் எறக்கினேன்" என்றார் பெண்ணின் அப்பா, பெருமையாக. "ரோடெல்லாம் குழி. இவ குலுங்கப்படாதோன்னோ? மெத்தையில வந்தாப்ல வந்தா!"

காரை ஓட்டி வந்த மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, பெருங்களத்தூர்ல லாரிக்கு ஒதுங்கறச்சே வண்டி என் கைக்கு அடங்காம இழுத்துதே, இதனாலதானா? டயர் வெடிச்சிருந்தா மூணு பேரும் போயிருப்போமே!"

"பக்கத்தாத்து டாக்டரே சொன்னார், மாப்பிள்ளை."

"அப்பா!" பின்சீட்டிலிருந்து பெண் அலறினாள். "அவர் பல் டாக்டர்ப்பா!"

"இருக்கட்டுமேடி, டாக்டர்தானே?"

டாக்டரே, அந்த மனிதர் இன்னும் உங்களைத்தான் நம்புகிறார். பல்லைப் பிடுங்குவதோடு நிற்காமல் டயரில் காற்றையும் பிடுங்கச் சொன்னது ஏன்? உங்கள் தெருவில், நாலு பேர் முன்னால் நின்று, அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லுங்கள்.