நில்லு என்று சொன்னவள்

– அதெல்லாம் இருக்கட்டும் அகீல் நானா. நான் 'நில்லு'தான் அழுத்தினேன். அத நீங்க பாத்தீங்களா இல்லையா?

– மொதல்ல ஏறுங்க ஜெசீகா. தோட்டத்து லய வீட்டுக்கு முன்னுக்கு வேனப் போட்டுக்கிட்டு இந்தக் கதை வேணாம். ஒங்கட அம்மா வாசல்ல நின்டு பாக்கிறாங்க.

– அம்மாவுக்கு எல்லாம் தெரியும்.

– என்ன தெரியும்? கம்பெனிக் கதை வெளிய போகக் கூடாதுன்னு வேலைக்கு எடுக்கிற அண்டைக்கே சொன்னேனே!

– இவ்வளவு காலமும் கம்பியூட்டர் வேலைன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன். இப்ப சோறு எறங்க மாட்டேங்குது, தூங்க முடியல. பெத்தவங்க கேக்க மாட்டாங்களா? சொல்லிட்டேன். வெளிநாட்டுல டிரைவர் இல்லாம காரு ஓடுதும்மா, நடு ரோட்டுல அதுக்கு ஏதாச்சும் புரியலன்னா படத்த எங்களுக்கு அனுப்பும், பதுளையில ஒக்காந்துக்கிட்டு நாங்கதான் போ, நில்லு, சுத்திப் போன்னு சொல்லுவோம்னு.

– அதுக்கு என்னவாம்?

– 'அப்ப டிரைவர் இல்லன்னு எதுக்குடி சொல்றானுங்க? நீதானே டிரைவரு'ன்னாங்க.

– சரியாப் போச்சு. ஏறுங்க, ஏறுங்க. காமிலா மேடம் கொழும்புல இருந்து வந்து ஹோட்டல்ல காத்துக்கிட்டு இருக்காங்க.

– யாரு அவங்க? நம்ம கம்பெனியா?

– இல்ல. கம்பெனிக்குக் காசு போட்டிருக்கிற ஆக்கள்ட ஆள். வெளிநாட்டுல இருக்கிற பெரிய ஆக்கள். இங்கத்த வேலைக்கு இவங்கதான் அவங்கட கண்ணு, காது எல்லாம். கதவ இன்னும் கொஞ்சம் பலமா சாத்துங்க. ஆ, சரி.

– காசு போட்டவங்களுக்கு என்கிட்ட என்ன வேலை?

– பயம் புடிச்சிட்டுது தங்கச்சி. கார் மோதி ஒரு பொம்பள ஆஸ்பத்திரியில கெடக்கு. அந்த ஊரு பேப்பர் முழுக்க அதுதான். பிழை காருட பிழையா, மனுசன்ட பிழையான்னு கேக்கிறாங்க. காருட பிழைன்னா அந்தக் கார அரசாங்கம் ரோட்டுல விடாது, போட்டவங்க போட்டதெல்லாம் தண்ணியில. மனுசன்ட பிழைன்னா அந்த மனுசன மாத்தினா சரி. வெளங்குதா?

– வெளங்குது. அந்த மனுசன் நான்.

– நான் அப்பிடிச் சொல்ல இல்லயே.

– பின்ன எப்பிடிச் சொல்றீங்க?

– 'களைப்பா இருந்திச்சு, கை தவறி போ-வ அழுத்திட்டேன்.' இந்த ஒரு வசனம்தான். மேடம்கிட்ட சொல்லுங்க, நாளைக்கு அவங்க வீடியோவுல பேசச் சொல்ற எடத்துலயும் சொல்லுங்க. ஒங்களுக்கு வேற எடத்துல வேலை போட்டுத் தருவாங்க. நம்ம பதுளை சென்டரும் தப்பும்.

– சொல்லாட்டி?

– பூட்டிருவாங்க. ஒங்களோட வேலை செய்யிற தனுஜாவ யோசிங்க. தகப்பன் படுக்கையில, அவட சம்பளத்துலதான் வீடே ஓடுது. றுஷாந்தன் இப்பதான் வீட்டுக்குக் கல்லு எறக்கியிருக்கான். தோட்டத்துல பொறந்த புள்ளைகள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகாம, ஊருலயே கதிரையில இருந்து வேலை செய்யிற எடம் பதுளையில வேற எங்க இருக்கு? சொல்லுங்க பாப்போம்.

– எல்லாரையும் சொன்னீங்க. உங்கள விட்டுட்டீங்களே.

– நானும்தான். என்ட பொஞ்சாதி ஷம்ராவுக்கு இது ஏழாம் மாசம். இந்த நேரம் வேலைய விட்டுட்டு எங்க போய் நிக்க?

– அந்தப் பொம்பளைக்கு இப்ப எப்பிடி இருக்காம்?

– அத ஏன் கேக்கிறீங்க? அது வேற கதை.

– எனக்கு அது ஒண்ணுதான் கதை. சொல்லுங்க.

– உசுருக்கு மோசம் இல்ல. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லையாம்.

– ஏசுவே...

– தண்ணி குடிங்க. முன்னுக்குப் போத்தல் இருக்கு. கண்ணத் தொடைங்க.

– அவங்க கையில இருந்த பை கிழிஞ்சிருச்சு நானா. தோடம்பழம் எல்லாம் ரோட்டுல உருண்டு ஓடுது. வெள்ளக் கோடு போட்ட எடத்துலதான் குனிஞ்சு பொறுக்கிக்கிட்டு இருந்தாங்க. கருப்பு கோட்டு, முதுகு மட்டும்தான் தெரியுது. காருக்கு அது குப்ப மூட்டையா ஆளான்னு தெரியல. 'போகலாமா'ன்னு கேட்டுச்சு. ஆளுன்னு பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சிருச்சு. எங்கம்மா கொழுந்துக் கூடைய எறக்கி வச்சிட்டுக் குனியிற மாதிரியே இருந்துச்சு. நில்லுன்னு அழுத்தினேன். காரு போகுது. திரும்ப அழுத்துறேன், போகுது. 'நானா, இங்க வாங்க'ன்னு கத்தினேன். அவங்க நிமிந்து பாத்தாங்க. என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான், படம் போயிருச்சு.

– போதும் தங்கச்சி.

– நான் கத்தினது உங்களுக்குக் கேட்டுச்சா?

– ஹாலிஎலைக்கிட்ட எப்பவும் இந்த நேரம் வாகனம் நெருக்கம். கொஞ்சம் பொறுங்க, இந்த பஸ்ஸ முந்திக்கிறேன்.

– கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க.

– நான் கண்டா என்ன, காணாட்டி என்ன! கம்பெனி கேட்ட நேரம் நான் ரூமுக்குப் பின்னுக்கு நின்டேன், ஒண்டும் காண இல்லன்னு சொல்லிட்டேன். சொன்னத மாத்த ஏலாது. என்னைய இதுக்குள்ள இழுக்காதீங்க.

– சரி, இழுக்கல. நான் அந்த மேடம்கிட்ட உள்ளதச் சொல்லப் போறேன். காசு போட்டவங்களுக்கு இது தெரியாது நானா. டிரைவரே இல்ல, ஆளே இல்ல, எல்லாம் கார் தானா செய்யுதுன்னு சொல்லித்தானே கம்பெனி அவங்ககிட்ட காசு வாங்குது? ஏமாந்தவங்களுக்கு உண்மை தெரிஞ்சா சும்மா இருப்பாங்களா?

– பெரிய ஆக்கள்ட மனசு ஒங்களுக்குத் தெரியாது.

– உங்களுக்கு எங்க வீட்டுக் கதை தெரியாது. எங்க சித்தி மீரியபெத்தையில இருந்தாங்க. மலையில இருந்து மண்ணு சரிஞ்சு வந்து லயத்த மூடுனதுக்கப்புறம் எத்தன பேரு வந்து சொன்னாங்க தெரியுமா, 'அந்தச் சனம் முன்னாடியே எந்திரிச்சுப் போயிருக்கணும், போகாதது அதுங்க தப்பு'ன்னு? சித்தியவே இன்னும் எடுக்கல. மண்ணுக்குள்ள கெடக்குற மனுசி மேலயே தப்பப் போட்டாங்க. எங்கம்மா அன்னைக்கு வாயத் தொறக்கல. காலைல என்கிட்ட சொன்னாங்க, 'நீயும் என்னைய மாதிரி வாய மூடிக்கிட்டு நின்னுட்டு வந்துராத'ன்னு.

– எறங்குங்க. ஹோட்டல் வந்திருச்சு.

*

– வாங்க, வாங்க. நீங்கதான் ஜெசீகாவா? நான் காமிலா. இருங்க. அகீல், நீங்களும் இருங்க, ஒரு பிரச்சினையும் இல்ல. டீ சொல்லவா?

– வேணாம் மேடம்.

– தெமோதரையில இருந்தா வாறீங்க? ரயில்ல வந்த நேரம் பார்த்தேன். சரியான அழகான இடம். ஓகே. அகீல் உங்களுக்கு விஷயத்தைச் சொல்லியிருப்பார்.

– சொன்னாரு. ஆனா அது பொய் மேடம். நான் நில்லுன்னுதான் அழுத்தினேன். ரெண்டு தடவ. கார் கேக்கல.

– சரி.

– உங்க ஆளுங்ககிட்ட சொல்லுங்க மேடம். அவங்கள ஏமாத்துறாங்க. அந்தக் கார் தனியா ஓடல. பதுளையில ஒரு ரூம் நெறைய நாங்க ஒக்காந்திருக்கோம். பைத்தியம் மாதிரி நாள் பூரா அழுத்திக்கிட்டே இருக்கோம். மழை பெஞ்சா கேக்கும், ரோட்டு வேலை நடந்தா கேக்கும், நாய் குறுக்கால வந்தாக்கூடக் கேக்கும். எங்களப் பத்தி அவங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

– ஜெசீகா, ஒரு விஷயம். அவங்களுக்குத் தெரியும்.

– என்ன தெரியும்?

– நீங்க இருக்கிறது. உங்கட சென்டர், உங்கட வேலை, எல்லாம். காசு போடுறதுக்கு முதலே தெரியும். நானே வேற நாட்டுல இப்பிடி ஒரு சென்டரைப் போய்ப் பார்த்து எழுதிக் குடுத்திருக்கிறேன். யாரும் ஏமாற இல்ல.

– தெரிஞ்சுமா சும்மா இருந்தாங்க?

– ஆள் இருக்கிறது அவங்களுக்குப் பிரச்சினை இல்ல. ஆள் குறையணும், அதுதான் அவங்கட கணக்கு. கார் உங்களைக் கூப்பிடுறது குறையக் குறைய கம்பெனிக்கு மதிப்புக் கூடும். இந்த வருஷம் குறையவே இல்ல. எங்கட ஆக்கள் கடுமையாக் கேட்டாங்க. கம்பெனிக்கு வேற வழி தெரிய இல்ல. கார் உங்கட பதிலுக்குக் காத்துக்கொண்டு நிக்கிற நேரத்தை எடுத்துட்டாங்க.

– எடுத்துட்டாங்கன்னா?

– கார் உங்ககிட்ட கேட்கும். ஆனா நிக்காது. நீங்க பதில் சொல்ல முதல் அது தன்ட பாட்டுல முடிவெடுத்துப் போயிடும்.

– அப்ப நான் அழுத்தினது?

– போய்ச் சேர்ந்திருக்கும். பிந்தித்தான் சேர்ந்திருக்கும். நீங்க நில்லுன்னு சொன்னது எனக்கு முதலே தெரியும் ஜெசீகா.

– எதுக்கு மேடம் கேக்கணும்? நிக்காத காருக்கு எங்க பதிலு எதுக்கு?

– கேட்டதுன்னு இருந்தா, பதில் சொல்ல ஒரு ஆள் இருந்ததுன்னு இருக்கும். பிறகு ஏதும் நடந்தா அது உதவும்.

– இதுக்கா எங்கள வச்சிருக்கீங்க?

– நானும் இது பிடிச்சு வர இல்ல. வந்த வேலையைச் சொல்றேன். நாளைக்குக் காசு போட்டவங்கட கூட்டம். பேப்பர்க்காரங்களும் கேட்டுக்கொண்டு இருப்பாங்க, அடிபட்ட அம்மாட வக்கீலும் இருப்பார். அதுல நீங்க வந்து, கை தவறிட்டுதுன்னு சொன்னா, விஷயம் அதோட முடியும். உங்கட பேரை வெளியில விட மாட்டோம். உங்களுக்கு ஒரு நல்ல வேலைக்கு நான் பொறுப்பு.

– அந்தம்மா டீவியில அதக் கேப்பாங்கல்ல?

– கேட்கலாம்.

– கண்ணு முன்னால பாத்துக்கிட்டே ஒருத்தி தன் மேல கார ஏத்திட்டான்னு நெனைப்பாங்க. சாகுற வரைக்கும் அப்பிடித்தானே நெனைப்பாங்க? நான் சொல்ல மாட்டேன் மேடம். சென்டர பூட்டினாலும் பூட்டுங்க. தனுஜா வீட்டுக்கு நானே போயி அவ காலப் புடிச்சுக் கேட்டுக்கிறேன். இத என் வாயால சொல்ல மாட்டேன்.

– கோபப்படாம யோசிச்சுப் பாருங்க. கார்ட பக்கத்து வீடியோ மட்டும்தான் மிச்சம் இருக்கு. சென்டர் பக்கத்துல நீங்க எதை அழுத்தினீங்கன்னு ஒரு பதிவும் இப்ப இல்ல, இருந்ததைக் கம்பெனி வச்சுக்கொள்ள இல்ல. ஒரு பக்கம் இவ்வளவு பெரிய கம்பெனி. இந்தப் பக்கம் உங்கட வாய்ச்சொல் மட்டும். யார் நம்புவாங்க?

– யாரும் நம்ப வேணாம். நான் போறேன்.

– நீங்க போனாலும் கூட்டம் நடக்கும். உங்களுக்குப் பதிலா அகீல் பேசுவார். அகீல், நீங்க அண்டைக்கு ரூமுக்குப் பின்னுக்கு நிண்டதாத்தானே கம்பெனிக்குச் சொன்னீங்க?

– ஓ மேடம். அப்பிடித்தான் சொன்னேன்.

– அது போதும். இந்தப் பிள்ளை கொஞ்ச நாளாகவே களைப்பா இருந்தான்னும் சேர்த்துச் சொல்லுங்க. கொழும்புல புது சென்டர் ஒண்டு திறக்கிறோம். பொறுப்பா ஒரு ஆள் தேவை, உங்கட பேரைத்தான் குடுத்திருக்கிறேன். உங்கட மனைவிக்கும் இப்ப கொழும்பு வசதியா இருக்கும் தானே?

– நானா, வேன எடுக்க வேணாம். நான் பஸ்ஸுல போயிக்கிறேன். நீங்க இருந்து பேசி முடிச்சிட்டு வாங்க.

– பொறுங்க ஜெசீகா. மேடம், நாளைக்கு அந்த வக்கீலுக்கு நான் பேசுறது நேரடியா கேக்குமா?

– கேட்கும். கட்டாயம் கேட்கும். ஏன்?

– அப்ப கட்டாயம் வாறேன். இவ கத்தின ஒடனே ஓடி வந்து இவட தோளோட ஒட்டித்தான் நின்டேன் மேடம். இவட வெரலு ரெண்டாந்தரமும் 'நில்லு'வ அழுத்தினத என்ட கண்ணால கண்டேன், அதத்தான் நாளைக்குச் சொல்லப் போறேன்.