தலை குனியாத கதிர்கள்

இந்த அவையைத் தம் தலைமையால் நிறைத்திருக்கும் ஐயா அவர்களே! ஏர் பிடித்துக் காய்த்த கைகளோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! உலை வைத்து ஊட்டி உயிர் வளர்க்கும் தாய்மார்களே! இடமின்றி நிற்கும் தம்பிமார்களே! மண் பரிசோதிக்கும் இந்தச் சகோதரியின் வணக்கம்.

கைதட்ட வேண்டாம். நான் பெருமை பேச வரவில்லை. பயந்து வந்திருக்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளாக மண்ணைச் சலித்து, நிறுத்து, கரைத்து அளப்பவள் நான். சத்தில்லாத மண்ணைக் கண்டால் என் வாயில் வருவது ஒரே வார்த்தைதான்: "குப்பை போடுங்க!" துத்தநாகத்தையும் தாமிரத்தையும் பயிருக்குப் பக்குவமாய்ப் பரிமாறுவது மட்கிய குப்பை அல்லவா? அதையே என் அண்ணனிடமும் சொன்னேன்.

அண்ணன் ஒரு பிடி கேட்டால் ஒரு கூடை கொடுப்பவர். பச்சை வைக்கோலையும் ஈரச் சாணத்தையும் வண்டி வண்டியாகக் கொட்டினார். மட்கும்வரை பொறுக்கவில்லை, உழுதார், ஆழ்குழாய்க் கிணற்று நீரை வற்றாமல் தேக்கினார். நெற்பயிர் கருகருவென்று செழித்தது.

அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது தொலைபேசியில் அழைத்தார்.

"பாப்பா, கதிரெல்லாம் வெறைச்சுக்கிட்டு நிக்குது. ஒண்ணுகூட சாயல. வந்து பாரேன்."

ஓடினேன். விளைந்த கதிர் வளையும். அங்கே ஒரு கதிரும் வளையவில்லை. ஒரு மணியைப் பிதுக்கினேன், பதர். இன்னொன்று, அதுவும் பதர். உச்சி வெயிலில் எனக்கு உடம்பு சில்லிட்டது. ஏன் தெரியுமா? அந்த மண்ணில் ஆர்சனிக் என்னும் நஞ்சு இரும்புத் துருவோடு ஒட்டி உறங்கிக் கிடந்தது. தேங்கிய நீரில் பச்சைக் குப்பை அழுக அழுக மண்ணுக்கு மூச்சு முட்டும், துரு கரையும், உறங்கிய நஞ்சு விழிக்கும், வேர்வழியே ஏறும், கதிரைப் பதராக்கும்!

தண்ணீர்ச் சொம்போடு வரப்பில் வந்தார் அண்ணி. ஏழு மாத வயிறு.

"மேட்டுப் பக்கம் கொஞ்சம் மணி பிடிச்சிருக்கு. வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆகும்ல?"

"அண்ணி, போன தடவையும் இதே குப்பைதானா?"

"ஆமா, நீதானே போடச் சொன்னே? அந்த அரிசியத்தானே தின்னுக்கிட்டிருக்கோம்."

நீதானே சொன்னே! வெள்ளந்தியாய்ச் சொன்னார். இடியாய் இறங்கியது.

முடிவு வரும்வரை அந்த அரிசியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அரிசியையும் நெல்லையும் அள்ளிக்கொண்டு ஆய்வுக்கூடம் திரும்பினேன். முடிவு வர ஒன்பது நாள். வந்த முடிவை நம்பாமல் மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் ஆர்சனிக் வரம்புக்கு மேல்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. "வயித்துல இருக்கிறதுக்கு?" என்றார்.

"தெரியலண்ணே."

பெரியோர்களே, அதைவிடக் கொடிய சொல்லை நான் சொன்னதில்லை.

அந்த அரிசியை அடியோடு ஒதுக்கினோம். அடுத்த போகத்துக்கு வாய்க்கால் நீர்; அதையும் தேக்காமல், வயலைக் காயவிட்டுக் காயவிட்டுக் காய்ச்சலும் பாய்ச்சலுமாய். என்ன தம்பி கேட்கிறீர்கள்? அப்போ குப்பையே வேணாமா என்றா? வேண்டும் ஐயா, வேண்டும்! காயப் போட்ட வயலில் காட்மியம் என்ற வேறொரு நஞ்சு தலைதூக்கும்; அதை இழுத்துப் பிடிப்பதே நன்றாய் மட்கிய எருதான். ஆகவே மட்கட்டும், மணம் மாறட்டும், பிறகு போடுங்கள். அண்ணன் அப்படித்தான் போட்டார். அளந்தேன், இரண்டு நஞ்சும் வரம்புக்குள் அடங்கின.

அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நலம் என்கிறார் மருத்துவர். நடக்கிறாள். ஆனாலும் அவள் தடுக்கி விழும்போதெல்லாம், இது எல்லாப் பிள்ளைகளும் விழும் விழுகைதானா என்று என் நெஞ்சு பதறுகிறது.

உங்கள் வயலில் என்ன உறங்குகிறது? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? தெரியாமல் உண்கிறோமே, தெரியாமல் ஊட்டுகிறோமே! நாளைக் காலை ஒரு பிடி மண், ஒரு பிடி நெல், ஒரு புட்டி நீர் என் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். கசப்பான முடிவு வந்தாலும் மறைக்காமல் உங்கள் முகம் பார்த்துச் சொல்வேன்.

என் தவற்றை நானே சொல்ல மேடை தந்த தலைவருக்கும், எழுந்து போகாமல் கேட்ட உங்களுக்கும் நன்றி. உங்கள் வீட்டு உலையில் நல்லதே கொதிக்கட்டும். வணக்கம்!