வேண்டாம் சொல்கிற ஆள்

எனக்கு பைக்கில் நாற்பதுக்கு மேல் போகப் பிடிக்காது. காரைக்குடியிலிருந்து சிவகங்கைக்கு ஒருமுறை என் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள் அடுத்த முறை பஸ் ஏறிவிடுவார்கள். என் மனைவி நாகவல்லி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பயந்த சுபாவம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. வண்டியும் ரோடும் நம் பேச்சைக் கேட்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

போர்டிகோ விழுந்ததைப் பற்றித்தான் கேட்டீர்கள் சார், அதற்குத்தான் வருகிறேன். எங்கள் தொழில் நடந்த விதம் தெரியாவிட்டால் உங்களுக்கு அது வெறும் கட்டட விபத்தாகத்தான் தெரியும்.

நானும் நாகவல்லியின் தம்பி செம்மலையும் சேர்ந்து வீடு கட்டிக் கொடுக்கிறோம். பதினைந்து வருடமாகிறது. கான்ட்ராக்ட் தொழிலுக்குத் துணிச்சலும் வேண்டும், நிதானமும் வேண்டும். எல்லாவற்றையும் யோசிக்கிறவனுக்கு வேலை கிடைக்காது. எதையும் யோசிக்காதவனுக்கு ஜெயில் சோறு கிடைக்கும். எங்களில் துணிச்சல் செம்மலையுடையது. வீட்டுக்காரர் என்ன கேட்டாலும் முடியும் என்பான். தூண் இல்லாமல் மாடியா, முடியும். பொங்கலுக்குள் பால் காய்ச்ச வேண்டுமா, முடியும். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்புவான். நான் தலையை இடம் வலமாக ஆட்டுவேன். உடனே வீட்டுக்காரரிடம், "எனக்கு ஆசதான், மச்சான் சம்மதிக்க மாட்டாக" என்று சிரித்துக்கொண்டே பின்வாங்குவான். அவன் நல்லவன், நான் முசுடு. இதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. கட்டியது எதுவும் விழவில்லை.

ஒன்று மட்டும் நான் கவனித்தேன். வருடம் போகப் போக அவன் யோசிப்பதையே விட்டுவிட்டான். சம்பாதித்ததை மனைவியிடம் கொடுத்து வைப்பதைப் போல, தன் பயத்தை என்னிடம் கொடுத்து வைத்துவிட்டான். நான் வேண்டாம் என்று சொல்லாத எதுவும் அவனுக்கு ஆபத்து இல்லை.

போன வருடம் ஐப்பசியில் ஒரு நிலத் தகராறுக்காக நான் சிவகங்கை கோர்ட்டுக்குப் போயிருந்தேன். அன்று அரியக்குடிப் பக்கம் ஒரு வீட்டுக்கு செப்டிக் டேங்க் குழி தோண்டினார்கள். முந்தின நாள் நல்ல மழை. நான் இருந்திருந்தால் குழியின் ஓரத்தைச் சரிவாக வெட்டி மண்ணுக்குப் பலகை அணை கொடுக்காமல் ஒருவரையும் உள்ளே இறக்கியிருக்க மாட்டேன். செம்மலை இறக்கினான். உள்ளே நின்றவன் என் தம்பி பெத்தன், எங்களிடம் மேஸ்திரி. அப்பா போன பிறகு நான் வளர்த்த பிள்ளை. மண் சரிந்து மூடியது. எடுக்கும்போது உயிர் இல்லை.

செம்மலை அழாமல் இல்லை. நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். அதையெல்லாம் மன்னித்திருப்பேன் என்றுகூட நினைக்கிறேன். காரியத்தன்று சொந்தபந்தம் எல்லோரும் உட்கார்ந்திருக்க அவன் சொன்னான், "மச்சான் இருந்திருந்தா வேணாம்னுருப்பாக. அன்னைக்கின்னு பாத்து இல்லாமப் போயிட்டாக."

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மனதில் பட்டதைச் சொன்னான். கேட்டவர்களும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பெத்தனின் மனைவி மாரீஸ்வரி நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அன்னைக்கி நீங்க ஏன் போனீக?" என்று கேட்டாள். அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. அவள் வீட்டு வாசலில் நான் போய் நின்றால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். பெத்தனைக் குழியில் இறக்கிவிட்ட செம்மலை போனால் காப்பி போட்டுக் கொடுக்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது சார். இன்றைக்கும் எரிகிறது.

நான் சண்டை போடவில்லை, கணக்கைப் பிரிக்கவில்லை. மறுநாளே வேலைக்குப் போனேன், வழக்கம் போலத் தலையை இடம் வலமாக ஆட்டினேன். பெருந்தன்மையான மனுஷன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் சரியான வேலைக்குக் காத்திருந்தேன். கோபத்தில் அவசரப்படுவது என் பழக்கம் இல்லை.

இந்த வருடம் திருப்பத்தூர் சாலையில் தேனப்பன் வீட்டு வேலை வந்தது. சிங்கப்பூரில் இருக்கிறவர். முன்னால் போர்டிகோ அகலமாக வேண்டும், கீழே தூண் கூடாது என்றார். செம்மலை முடியும் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் யோசித்துவிட்டு, முடியும் என்றேன். அது பொய் இல்லை. கம்பி எல்லாம் தளத்தின் மேல் பக்கமாக இருந்தால், மூன்று வாரம் அடியில் தாங்குகிற முட்டுக் கம்புகளைப் பிரிக்காமல் விட்டால், அது நூறு வருடம் நிற்கும்.

கான்கிரீட் போட்ட அன்று சித்தாள்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பியின் மேல் நடந்தார்கள். எல்லா இடத்திலும் நடப்பதுதான். மிதிபட்டுக் கம்பி கீழே இறங்கும். கூடவே நின்று அதைத் தூக்கிவிடச் சொல்வது என் வேலை. அன்று நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி அடியில் போய்ப் படுத்தது. அதன் மேல் கான்கிரீட் மூடியது. நான் எதையும் தொடவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். தேனப்பன் போன் செய்தார். பால் காய்ச்சும் நாள் முன்னால் வந்துவிட்டதாம், வந்து இறங்கும்போது கார் போர்டிகோவுக்குள் நிற்க வேண்டுமாம். செம்மலை என்னைப் பார்த்தான். முகத்தில் அந்தச் சிரிப்பு தயாராக இருந்தது.

"மச்சான், முட்டப் பிரிச்சிரலாமா? என்ன சொல்றீக?"

"பிரிச்சிரலாம் மாப்ள" என்றேன்.

அவன் என் தலையை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு அத்தனை சந்தோஷம். மச்சானே சரின்னுட்டாக என்று தேனப்பனிடம் போனில் இரண்டு தடவை சொன்னான்.

அவனுடைய இன்னொரு பழக்கத்தையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கடைசி முட்டுக் கம்பைத் தட்டி எடுக்கும்போது அவன் தளத்துக்கு அடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். வீட்டுக்காரருக்கு நம்பிக்கை வர வேண்டுமாம். எந்த வீட்டிலும் தவறியதில்லை. அந்தத் தைரியம் என்னுடைய மூன்று வாரத்தால் வந்த தைரியம் என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது.

முட்டுப் பிரிக்க வந்த சென்ட்ரிங் ஆட்களுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று நினைத்தேன். அவர்கள் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. கடைசி முட்டில் கயிற்றைக் கட்டி, கேட்டுக்கு வெளியே நின்று இழுக்கச் சொன்னேன். செம்மலை அடியில் நின்றபடி, மச்சானுக்குப் பாதி பயம்தான் போயிருக்கிறது என்று கேலி செய்தான். அவர்களுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் செம்மலையின் மகள் அபி ஸ்கூட்டியில் வந்தாள். என்ஜினியரிங் மூன்றாம் வருடம். அப்பா நிற்பதைப் படம் எடுத்து தேனப்பனுக்கு அனுப்ப அவன்தான் வரச் சொல்லியிருக்கிறான். என்னைப் பார்த்து, "மாமா, நீங்களும் வந்து நில்லுங்க" என்றாள். வேண்டாம் என்றேன். வெயிலில் கண் கூசியதால் அவளும் நிழலுக்குள் போனாள். அப்பாவைச் சுவர் ஓரமாகத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, இவள் தளத்தின் விளிம்புக்குக் கீழே நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள்.

இந்த இடத்தை நீங்கள் இரண்டு மூன்று தடவை கேட்பீர்கள் என்று தெரியும். அபி, இங்குட்டு வா என்று நான் கூப்பிட்டிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் செம்மலைக்கு என் முகம் பதினைந்து வருடமாகப் பழக்கம். நான் அவளைக் கூப்பிட்டால் அவன் என் முகத்தைப் பார்ப்பான், பார்த்தால் வெளியே வந்துவிடுவான். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்த காரியம். அந்த ரிஸ்க்கை எடுக்க முடியவில்லை.

கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் எப்போதும் என் தலையைத்தான் பார்ப்பார்கள். பார்த்தார்கள். நான் ஆட்டினேன், மேலும் கீழுமாக.

தளம் சுவரோரம் முறிந்து, விளிம்பு முதலில் கீழே வந்தது. சுவரை ஒட்டி நின்றதால் செம்மலைக்கு ஒரு கால் மட்டும் போனது. அபி அங்கேயே முடிந்துபோனாள். கான்கிரீட்டைப் புரட்ட நானும்தான் கை கொடுத்தேன்.

உங்கள் ஆட்கள் அவன் மேல்தான் வழக்குப் போட்டிருக்கிறார்கள். அவனும் நான்தான் அவசரப்பட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டான். நான் பேசாமல் இருந்தால் இந்த ஜென்மத்தில் யாருக்கும் தெரியாது. பிறகு ஏன் நானே வந்தேன் என்று கேட்கிறீர்கள்.

போன வாரம் மதுரை ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்கப் போனேன். கேட்பான் என்று நினைத்தேன். ஏன் சரின்னீக என்று ஒரு கேள்வி. அதற்குப் பதில் ஒரு வருடமாக என் நாக்கு நுனியில் இருந்தது, பெத்தன் பெயரோடு. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களையும் ஒரு தடவ கண்ணு ஏமாத்திருச்சு மச்சான். மனுசன்னா தப்பு வரத்தான செய்யும். ஒங்க மேல எனக்கு வருத்தமில்ல" என்றான்.

வீட்டுக்கு வந்தால் நாகவல்லியும் அழுகைக்கு நடுவில் அதையே சொல்கிறாள், உங்களுக்கு வயதாகிவிட்டது, முன்னைப் போல் வேலையில் கவனம் இல்லை என்று. ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். மாரீஸ்வரிகூட என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, சாப்பிட்டீகளா என்று கேட்டாள்.

என்னைக் கண் ஏமாற்றவில்லை சார். அந்தத் தளம் விழும் என்று எனக்குத் தெரியும், எந்தப் பக்கமாக முறியும் என்றுகூடத் தெரியும். செம்மலை அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்களே ஆஸ்பத்திரிக்குப் போய் இதை அவனுக்குப் படித்துக் காட்டிவிடுங்கள். என் தொழிலில் நான் ஒரு தவறும் செய்ததில்லை. அபி இறந்தது மட்டும்தான் விபத்து.