நாலு சக்கரமும் இழுக்குற வண்டி

...சிரிக்காதீங்க மேஸ்திரி. தூண அளக்க வந்தீங்க, அளங்க. ஆனா தப்பு ஜீப்பு மேலன்னு மட்டும் சொல்லிடாதீங்க. என் மச்சினன் ஏற்கனவே வேணுங்கற அளவு சொல்லிட்டான்.

நம்ம பொழப்பு என்ன? ராட்டினம். எட்டு மரக்குதிரை, நடுவுல மோட்டாரு, எல்லாம் ஒரே டிரெய்லர்ல. கூப்புட்ட எடத்துக்கு இழுத்துட்டுப் போகணும். 'என்னோடது மாதிரி நீளமான காரா வாங்குங்க மாமா, சுகமா இழுக்கலாம்'னான். சுகமாவாம்! ஒரு தடவ அவன் கார்லயே மாட்டிப் பாத்தோம். பின்பக்கம் பொத்துனு உக்காந்துடுச்சு, முன்பக்கம் ஆகாயத்தப் பாக்குது. ஈரப் புல்லுல எறங்கினதும் முன்சக்கரம் ரெண்டும் நின்ன எடத்துலயே சுத்துது. ஜனம் அதையே ராட்டினம்னு நெனச்சு வேடிக்கை பாத்துச்சு!

அதான் குட்டி ஜீப்பு வாங்கினேன். பாக்க சோப்பு டப்பா மாதிரிதான். ஆனா நாலு சக்கரமும் இழுக்கும். 'ரொம்ப லேசு மாமா, பாரம் வண்டியவே தள்ளிடும்'னான். மெதுவா போனா ஏன்டா தள்ளப்போவுது?

நேத்துக் காலைல பள்ளிக்கூட மைதானத்துல ஆர்டரு. மாட்டினேன், ஏறினேன், மிதிச்சேன்... நகரல! மச்சினன் காரை இதோ, இந்த போர்ட்டிகோ நெழல்ல விட்டுட்டு, வாசல்ல இடுப்புல கைய வெச்சு நிக்கிறான். சிரிக்கிறான் மேஸ்திரி! உங்க மச்சினன் சிரிச்சா நீங்க சும்மா இருப்பீங்களா? சின்ன லீவரு ஒண்ணு இருக்கு, முழு பலமும் வரும். போட்டேன். மிதிச்சேன். டமால்னு ஒரு சத்தம்... பாய்ஞ்சுது பாருங்க! 'பாத்தியாடா!'ன்னு கத்திக்கிட்டே போயிட்டேன்.

தெருவே கையாட்டுச்சு. நானும் ஆட்டினேன். ஒரு கூரியர்காரர் மூச்சு வாங்க ஓடியாந்து, 'சார், உங்க வீடு பின்னாடியே வருது'ன்னாரு. எறங்கிப் பாத்தா... குதிரைக்குப் பின்னால தூணு! காலிங் பெல்லோட. அமுக்கிப் பாத்தேன், அடிக்கல.

கூரையா? பாதி அவன் கார் மேல படுத்துடுச்சு. நல்லவேளை, அவன் வெளிய நின்னான்.

என்னது... அந்தத் தூண்ல கெடக்குற சங்கிலி யாரு கட்டினதா? நான்தான். திருட்டு பயம், முந்தின நாளு ராட்டினத்தத் தூணோட சேத்துப் பூட்டினேன். பூட்டுறது என் வேலைன்னா, ஞாபகப்படுத்துறது யார் வேலை? இத வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்த கேட்டேன். அவ தம்பியக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குக் கெளம்பிட்டா. பஸ்ல! அவ்வளவு நீளக் காரு வெச்சிருக்கவன், பஸ்ல போறான்!

சரி, அத விடுங்க. இந்தப் பக்கத் தூணு மட்டும் எப்படி இருக்கோ? தட்டிப் பாத்தா தெரியாது மேஸ்திரி, இழுத்துப் பாத்தாத்தான் தெரியும். ஜீப்புலேர்ந்து இந்தத் தூணுக்குச் சங்கிலிய மாட்டிட்டேன். நீங்க அப்படியே கூரைக்கு அடியில நின்னு, விரிசல் விடுதான்னு மட்டும் சொல்லுங்க...

மேஸ்திரி? யோவ் மேஸ்திரி! எங்க ஓடுறீங்க? உங்க ஏணி கூரைமேல சாஞ்சிருக்கே!

...சரி சரி, போங்க. ஏணிய நான் இழுத்துட்டு வர்றேன்!