அறுபதாவது கோடு

ஒரு நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று முடிவுசெய்ய எனக்கு மூன்று நாள் ஆகும். சிரிக்காதீர்கள், அதுதான் என் பிழைப்பு. ஒலிப்பதிவு மென்பொருள்களுக்குத் திரையில் தெரியும் குமிழ்களும், மேலும் கீழும் நகர்த்துகிற ஸ்லைடர்களும் வரைகிறேன். யாராலும் தொட முடியாத குமிழில், விரல் வழுக்காமலிருக்க வரிவரியாகப் பள்ளம் போடுகிற புத்திசாலி நான். "அதைத் துடைச்சும் வைப்பீங்களா?" என்று மனைவியே கேட்டிருக்கிறாள்.

அவளுடைய தம்பியும் எங்கள் அலுவலகம்தான். நான் வரைவேன், அவன் கேட்டுச் சோதிப்பான். காது என்றால் அப்படியொரு காது. பக்கத்து அறை மின்விசிறியில் திருகு தளர்ந்திருப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவான்.

சென்ற வருடம் 'இதம்' என்று செம்பு நிறத்தில் ஒரு குமிழ் வரைந்தேன். கூட்டத்தில் ஆளாளுக்குத் திருகிப் பார்த்து, பாடுகிற குரலே குழைகிறது என்று உருகினார்கள். அவன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு திருகினான்.

"படம் அழகாத்தான் இருக்கு மாமா. ஆனா இது வேலையே செய்யலையே. உள்ள இணைக்க மறந்துட்டாங்க போல."

எல்லாரும் சிரித்தார்கள். ஏமாந்த தங்களை நினைத்துத்தான் சிரித்திருப்பார்கள் என்று இப்போது படுகிறது. அன்று என் மூக்கு அறுபட்டதாகவே தோன்றியது. எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

அவனுக்கு ஒரு பழக்கம். ஹெட்ஃபோன் சத்தத்துக்கான ஸ்லைடரை எப்போதும் அறுபதாவது கோட்டில்தான் வைப்பான். அளவு மாறினால் காது ஏமாந்துவிடுமாம். அந்தக் கோட்டை வரைந்தவன் நான்.

ஒலியை நான் தொடவேயில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும், அவன் கணினியில் மட்டும், அந்த ஸ்லைடர் பக்கத்திலிருந்த கோடுகளையும் எண்களையும் திரையில் ஒரு புள்ளியளவு மேலே நகர்த்தினேன். அவன் அறுபதில் நிறுத்துவான். சத்தம் போன வாரத்தைவிட ஒரு துளி கூடியிருக்கும். கண்டுபிடிக்கிறானா பார்ப்போம் என்றுதான் ஆரம்பித்தேன். போகப்போக மேலேயிருந்த எண்கள் இடமில்லாமல் நெருக்கியடித்தன. அவற்றைப் பார்வைக்கு அழகாக அடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஏழாவது மாதம் என் மேசைக்கு வந்தான்.

"காதுக்குள்ள விசில் அடிக்கிற மாதிரியே இருக்கு மாமா."

"அறுபதுலதானே வெச்சிருக்கே?"

"ஆமா, எப்பவும் போலத்தான்."

"அப்ப தூக்கம் பத்தலை. லீவு போட்டுட்டுப் படு."

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். அவரிடமும் அறுபது என்றே சொன்னான், பாவம். அடுத்த திங்கட்கிழமையும் நகர்த்தினேன். பாதியில் விட்டால் இடைவெளி கெட்டுவிடும்.

வாரத்துக்கொன்றாக மாற்றிய ஐம்பத்திரண்டு ஸ்லைடர் படங்களையும் தேதி போட்டு வரிசையாகச் சேமித்து வைத்திருந்தேன். மனைவி எதையோ தேடப்போய் அவற்றைத் திறந்தாள். ஒழுங்கானவன் மாட்டிக்கொள்வது இப்படித்தான். நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

வலது காது போய்விட்டது, இடதில் கால்வாசி மிச்சம் என்கிறார்கள். எனக்கு வருத்தம்தான். ஆனால் போன மாதம் நடந்ததையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் செம்புக் குமிழை மறுபடி அவனிடம் காட்டினேன். அதை இன்னும் யாரும் எதோடும் இணைத்திருக்கவில்லை. இந்தத் தடவை அவன் கண்ணை மூடவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் திருகினான்.

"இப்ப நல்லா இருக்கு மாமா," என்றான்.

முகத்துக்காகப் பாராட்டுகிறவன் இல்லை அவன். கேட்டுப் பார்த்துத்தான் சொல்லியிருப்பான்.