பென்சனில் பிடிக்கிற காப்பீடு

மூன்றாம் வகுப்போடு நின்று மூன்று கடை வைத்தவன் நான். எனக்கே தோன்றாத கணக்கை ராஜபாளையம் பஸ்ஸில் கேட்டேன். முன்சீட்டில் ஓய்வுபெற்ற ஏட்டையா ஒருவர் மனைவியிடம் பொருமிக்கொண்டு வந்தார்.

“மருத்துவக் காப்பீடுன்னு மாசாமாசம் பென்சன்ல பிடிக்கான். நான் ஒருநாளாவது படுத்திருக்கனா? ஸ்ரீவில்லிபுத்தூர் கருவூலத்துல நிறுத்தச் சொல்லிட்டுத்தான் மறுவேலை.”

“அப்ப என் மூட்டு ஆபரேசனு?”

“பென்சன் எனக்குல்லா? காப்பீட்டுல நீ எங்க வந்த?”

பின்சீட்டில் இருந்த இன்னொரு பென்சன்காரர் எட்டிப் பார்த்தார். “அண்ணாச்சி, மதினிக்கும் சேத்துத்தான் பிடிக்காங்க. மூட்டு ஆபரேசனும் அதுல உண்டு.”

ஏட்டையா மனைவி பக்கம் திரும்பினார்.

“ஏட்டி, ரெண்டு காலுக்கும் செஞ்சிருவோம்.”

“வலிக்கிறது ஒரு காலுதாங்க.”

“இருக்கட்டும். இம்புட்டு வருசம் பிடிச்சிருக்கான்லா!”