சம்மட்டிக்குக் கொடுத்த எலும்பு

– எழுந்திருடா ஒபிரி. விழுந்து கிடக்கிறவனை அடிச்சா எனக்கு ஆத்திரம் தீராது. எழுந்து நில்லு, கேட்டியா!

– நிக்கிறேன் பைகே. கண்ணுல ரத்தம் இறங்குது. சுவரைப் பிடிச்சுக்கிறேன். அடிங்க.

– மூலைக்கொடிக் கம்பு உன் முதுகுலயே முறிஞ்சு போச்சு. இல்லேன்னா இந்நேரம் மண்டையைப் பொளந்திருப்பேன்.

– பெஞ்சுக்கு அடியில இன்னொரு கம்பு கிடக்கு.

– திமிரு! என் மகன் எலும்பு சாக்ஸைக் கிழிச்சுக்கிட்டு வெளியே நிக்குது, இவனுக்கு இன்னும் திமிரு! எர்மெக் சொந்த டீம்காரன்டா. உன் கேப்டன்டா. நம்ம மைதானத்துல, நம்ம ஜனம் பாக்க, அவன் காலை முறிச்சுப் போட்டியே, எப்படிடா மனசு வந்துச்சு?

– நீங்க ஆம்புலன்ஸ்ல கூடப் போயிருக்கணும் பைகே. அப்பா அப்பான்னு கத்துனான்.

– அவன் அம்மா போயிருக்கா. நான் ஏன் போகலைன்னு தெரியுமா? உன்னைக் கொன்னுட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்னுதான் இந்த ரூமை உள்ளே பூட்டினேன்.

– குனிங்க! பைகே, தலையைக் குனிங்க!

– சே! ஜன்னல் கண்ணாடி மொத்தமும் போச்சு. என்ன கல்லு பாரு, பூசணிக்காய் கணக்கா. வாசல்ல நிக்கிற போலீஸ்காரனையும் சேத்து அடிக்கிறானுங்க. "சம்மட்டியை வெளிய விடு"ன்னு கத்துறது காதுல விழுதா?

– விழுது. இதே வாயிங்கதான் ஒன்பது வருஷமா "சம்மட்டி, சம்மட்டி"ன்னு பாடிச்சு. எதிராளி ஸ்ட்ரெச்சர்ல போகும்போதெல்லாம் பாடிச்சு. எங்க நாட்டுல, சொந்த ஊரு குமாசில யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல பைகே. அங்க நான் நடு ஆட்டக்காரன். இடது காலால பந்தைக் கொண்டுபோய்ப் பூ வைக்கிற மாதிரி வைப்பேன்.

– பூ வெச்சு என்ன பண்ண? கோப்பை கிடைக்குமா? நான்தானே உன்னைப் பின்னால இழுத்து நிறுத்தி ஆளாக்கினேன். துருக்கியில பெரிய கிளப்புன்னு சொல்லி எவனோ ஏஜென்ட் உன்னை இந்த நரின்ல இறக்கிவிட்டு ஓடிட்டான். பனியில செருப்புக் காலோட நின்னே. கோட்டு வாங்கிக் கொடுத்தது யாரு?

– நீங்கதான்.

– ஜில்டிஸோட அப்பன் கால்ல விழாத குறையாக் கெஞ்சி, பொண்ணு கேட்டுக் கட்டி வெச்சது யாரு?

– நீங்கதான் பைகே. கோச்சுன்னு கூப்பிடாம பைகே, அண்ணன்னு சும்மாவா கூப்பிடுறேன்? எதையும் மறக்கல.

– அடுத்த வாரம் உனக்குக் குடியுரிமை. நான் போய் நின்னு பேசினதாலதான் அதுவும். இப்போ போலீஸ் வந்து என்னைத்தான் கேக்கப்போகுது, வேணும்னே செஞ்சானா, தவறுதலா நடந்துச்சான்னு. நான் ஒரு வார்த்தை சொன்னா ஜெயிலு. அப்புறம் நாடு கடத்திடுவான். பொண்டாட்டி, மகள் மூஞ்சியை இந்த ஜென்மத்துல பாக்கமாட்டே, கேட்டியா.

– தெரியும். என் உயிரே உங்க வாயிலதான் இருக்கு.

– அப்போ உண்மையைச் சொல்லு. பொறாமைதானே? உன் கையிலேர்ந்து கேப்டன் பட்டையைக் கழட்டி எர்மெக்குக்குக் கட்டினேன், அதுதானே?

– பட்டையா? போங்க பைகே! அவனுக்கு இடது காலால அடிக்கச் சொல்லிக் கொடுத்தவனே நான். எங்கம்மா மேல ஆணை, அவன் எனக்குத் தம்பி.

– தம்பி காலை எவன்டா உடைப்பான்? எவன் உடைப்பான்?

– ஆ! போதும் பைகே, விரல்... விரல் ஒடிஞ்சுது. ஒண்ணு கேக்கிறேன். எர்மெக் அப்போ எங்க ஓடிக்கிட்டிருந்தான்னு பாத்தீங்களா?

– பந்துக்கு ஓடினான். பந்து எதிர் டீம், ஓஷ் ஊர்க்காரனோட பத்தாம் நம்பர்கிட்ட இருந்துச்சு. அந்தப் புதுப்பையன், உங்க நாட்டுக்காரன்.

– கோஜோ. பந்து அவனைவிட்டுப் போயே ரொம்ப நேரமாச்சு. எர்மெக் பின்னாலேர்ந்து ரெண்டு காலையும் தூக்கி அவன் முட்டிக்குப் பாஞ்சான். அந்தப் பாய்ச்சல் எனக்குத் தெரியாதா? அது என் பாய்ச்சல். நீங்க எனக்குப் பழக்கினது.

– பொய்! அது உன் வேலை, அவன் வேலை இல்ல. காலையில உன்கிட்டதானே சொன்னேன்?

– சொன்னீங்க.

– பத்தாம் நம்பர் இன்னிக்கு நடந்து வீட்டுக்குப் போகக்கூடாது, கிளப் முதலாளி ஆசைப்படுறார்னு சொன்னேன். கோல் கோட்டுல வெட்டின ஆட்டோட தொடையெலும்பை என் கையால எடுத்து உனக்குத்தானே வெச்சேன்? நம்ம கிளப்புல அந்த எலும்பு யாருக்குப் போகுதோ, காலை உடைக்கிற வேலையும் அவனுக்கு. பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியுமே!

– நான் திங்கல பைகே.

– என்ன?

– எனக்கு இறங்கல. நேத்து சந்தையில மெலிஸ் கடைக்குப் போயிருந்தேன். டயர் விக்கிறானே, அவன்தான். அவன் முட்டியை உடைச்சதும் நான்தானே. நொண்டிக்கிட்டே வந்து எனக்கு டீ ஊத்தினான். அப்போ கோஜோ அந்தப் பக்கமா வந்து, எங்க பாஷையில "அண்ணா"ன்னு கூப்பிட்டான். எத்தனை வருஷம் ஆச்சு அப்படி ஒருத்தன் கூப்பிட்டு! ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல. முடியாதுன்னு உங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்லத் தைரியம் வரல. எலும்பைப் பக்கத்துத் தட்டுக்கு மாத்திட்டேன்.

– பக்கத்துல யாரு?

– வேணாம் பைகே.

– பக்கத்துல யாருடா உக்காந்திருந்தது?

– எர்மெக். பெரியவன் தன் பங்கைச் சின்னவனுக்குக் கொடுக்கிறது உங்க வழக்கம்தானே? மரியாதையாத்தான் கொடுத்தேன். கறி போனா வேலையும் என்னைவிட்டுப் போச்சுன்னு நினைச்சேன், முட்டாள். அவன் எழுந்து நின்னு ரெண்டு கையாலயும் வாங்கினான். ஒட்ட ஒட்டத் தின்னுட்டு என்னைப் பாத்துத் தலையாட்டினான். எதுக்குத் தலையாட்டினான்னு, அவன் கோஜோ மேல பாயும்போதுதான் எனக்கு உறைச்சுது.

– பெரியவன் கொடுத்த பங்கு... அவன் எப்படி வேணாம்பான்? நான் வளர்த்த பிள்ளையாச்சே. சாப்பிட்டா செஞ்சாகணும்னு நான்தானே சொல்லிச் சொல்லி... ஐயோ. ஐயோ, என் பிள்ளை!

– கோஜோ மேல விழாம எர்மெக்கைத் தோளால ஒரு தள்ளு தள்ளலாம்னுதான் ஓடினேன். கால் என் பேச்சைக் கேக்கல பைகே. தானா தூக்கிச்சு, தானா இறங்குச்சு. சத்தம் வந்ததும் தெரிஞ்சுபோச்சு. அந்தச் சத்தத்தை என்னைவிட அதிகமாக் கேட்டவன் யாரு?

– நானும் கேட்டேன். கூட்டத்துல யாரு கீழே கிடக்கான்னு தெரியல. பத்தாம் நம்பர் கால்னு நினைச்சேன். கை தட்டினேன்டா ஒபிரி.

– பாத்தேன்.

– எழுந்து நின்னு தட்டினேன்.

– காலையில அந்த ஆட்டை வெட்டும்போது எர்மெக்கைத் திட்டினீங்களே, ஞாபகம் இருக்கா? "எலும்பை உடைக்காதேடா, முட்டி பாத்துக் கத்தியை விடு, உடைஞ்ச எலும்பைப் பந்தியில வெக்கக்கூடாது"ன்னு. ஆட்டுக்கு அவ்வளவு பாத்தீங்க பைகே.

– வாயை மூடு.

– அடிக்கணும்னா அடிச்சிடுங்க. இல்லேன்னா கதவைத் திறந்து அவங்ககிட்ட விடுங்க. என் பொண்ணு மட்டும் வாசல்ல நிக்காம பாத்துக்குங்க, அவ ஆட்டம் பாக்க வந்திருக்கா.

– வாயை மூடுன்னேன்! யாரோ கதவைத் தட்டுறான்.

– குபாத் பைகே! நான் போலீஸ் கேப்டன் உலான். சீக்கிரம் திறங்க, ஜனம் வேலியைப் பிடுங்கிடுச்சு!

– திறந்தாச்சு. வாங்க.

– அடேயப்பா, ஆளைப் பாதி முடிச்சுட்டீங்க போல! சரி, நான் எதையும் பாக்கல. விஷயத்துக்கு வருவோம். உங்க மகனை ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிட்டாங்க. உயிருக்கு ஒண்ணுமில்ல. ஆனா அது இனிமே ஆடுற கால் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாராம்.

– சரி.

– ஜீப் பின்வாசல்ல நிக்குது. ஒரே கேள்விதான் பைகே. தவறுதலா நடந்ததுன்னா இவனைப் பத்திரமா வீட்டுல இறக்கிடுறேன். வேணும்னே செஞ்சதுன்னா விலங்கு மாட்டி முன்வாசல் வழியா இழுத்துட்டுப் போறேன், வெளியே நிக்கிறவனுங்களும் அடங்குவானுங்க. பெத்தவர் நீங்க, உங்க வார்த்தைதான் எனக்குக் கணக்கு. வேணும்னேதானா?

– வேணும்னேதான்.

– பைகே! என் பொண்ணு வெளியே...

– குறுக்கே பேசாதே ஒபிரி. வேணும்னேதான் கேப்டன். காலையிலயே முடிவு பண்ணின வேலை.

– அவ்வளவுதான், தீந்துது விஷயம். டேய் சம்மட்டி, கையை நீட்டு.

– அவன் கை எதுக்கு? எலும்பை எடுத்துக் கொடுத்தது இந்தக் கை. இதுல மாட்டுங்க.